கொதிப்பதும் உறைவதும்: சூட்டையும் அழுத்தத்தையும் வீட்டிலேயே படிக்க ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஊட்டிக்குக் குடிபோன முதல் வாரம். அதே அரிசி, அதே பானை, அதே அளவுத் தண்ணீர். உலை தளதளவென்று கொதித்தது. ஊரில் ஆகும் நேரம் ஆனதும் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளைப் புள்ளி. நறுக்கரிசி. அடுப்பைக் கூட்டி வைத்தேன். கொதி கூடியது, சோறு வேகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பானையில வைக்காதீங்க, குக்கர்ல வைங்க. மலையில தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும், ஆனா சூடு பத்தாது."

இயற்பியல் படித்த யாரும் எனக்கு அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. 'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அந்த வரியில் பாதிதான் இருக்கிறது. எவ்வளவு அழுத்தத்தில் என்பது மீதிப் பாதி. ஒரு பொருள் திண்மமா, திரவமா, வாயுவா என்று கேட்டால், எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் கிடைக்கும். சமையலறையில் இருப்பதை வைத்தே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்களும், பள்ளியை விட்டு வெகுநாள் ஆனவர்களும் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

என்னென்ன வேண்டும்

110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று. ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிவப்புத் திரவக் கண்ணாடிக் குழாயே போதும். சமையலுக்கான டிஜிட்டல் வகையும் சரி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் வைக்கவே கூடாது. அது 42 டிகிரிக்கு மேல் போகும்படி செய்யப்பட்டதல்ல. மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று, ஊசி வேண்டாம். ஒரு அழிரப்பர், கொஞ்சம் ஐஸ், ஒரு கட்டி கற்பூரம், ஒரு கட்டம் போட்ட நோட்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் போக வேண்டாம்.

முதல் படி: ஐஸ் கரையும்போது எண்ணைப் பாருங்கள்

ஐஸைத் துணியில் கட்டித் தட்டிப் பொடித்து ஒரு டம்ளரில் போடுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். எண் இறங்கி 0-வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இனி டம்ளரைக் கையில் பிடித்துச் சூடேற்றினாலும், வெயிலில் வைத்தாலும், நன்றாகக் கலக்கிக்கொண்டே இருக்கும்வரை எண் ஏறாது. ஐஸ்தான் குறையும். கடைசித் துண்டு கரைந்த பிறகே எண் நகரத் தொடங்கும்.

உள்ளே போன சூடெல்லாம் எங்கே போயிற்று? ஐஸின் கட்டமைப்பைக் குலைத்துத் தண்ணீராக்குவதில் செலவானது. 1 கிராம் ஐஸைக் கரைக்க 334 ஜூல் வேண்டும். அதே அளவு சூட்டை 1 கிராம் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 0-விலிருந்து 80 டிகிரிக்கு ஏறிவிடும். இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். நிலை மாறும் நேரத்தில் எண் நிற்கும் என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வையுங்கள். இனி வரும் படிகளிலும் இது வந்துகொண்டே இருக்கும்.

தேங்காய் எண்ணெய் இவ்வளவு கறாராக நடந்துகொள்வதில்லை. சுமார் 24, 25 டிகிரியில் அது உருகும். அதனால்தான் மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நின்று, வெயில் ஏறியதும் தெளிகிறது. ஆனால் பாதி உறைந்து பாதி இளகி இருக்கும் நேரம் நீளமானது. எண்ணெய் ஒரே பொருள் அல்ல, பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டில் உருகும். நெய் மணல் மணலாக நிற்பதும் இதனால்தான்: மணல் உறைந்த பகுதி, அதைச் சுற்றி உறையாத பகுதி. உறைந்த எண்ணெயைக் கெட்டுப்போனது என்று சந்தேகப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: உலை கொதிக்கும்போது

ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் வையுங்கள். தெர்மாமீட்டரின் நுனி பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரின் நடுவில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுதுங்கள். கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அது கொதி இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியே வருகிறது. பிறகு அடியிலிருந்து பெரிய குமிழிகள் எழுந்து மேலே வரை வந்து உடையும். அதுதான் கொதி. அந்தக் குமிழிக்குள் இருப்பது காற்றல்ல, தண்ணீரின் ஆவி.

இப்போது எண் நின்றுவிடும். அடுப்பைப் பெரிதாக்குங்கள். குமிழி அதிகமாகும், எண் ஏறாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகிறது. 1 கிராமுக்கு சுமார் 2,257 ஜூல். ஆகவே கொதி வந்தபின் அடுப்பைத் தணித்து வைத்தாலும் காய் அதே நேரத்தில்தான் வேகும். கேஸ் மிச்சமாகும். புதிதாகச் சமைக்கக் கற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏன் அந்த எண்ணில் கொதிக்கிறது? எந்தத் திரவத்திலிருந்தும் எப்போதும் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணி 30 டிகிரியில் காய்கிறதே, அது மேற்பரப்பில் மட்டும் நடக்கும் ஆவியாதல். அந்த ஆவி வெளியே தள்ளும் அழுத்தத்தை ஆவி அழுத்தம் என்பார்கள். சூடு ஏற ஏற இதுவும் ஏறும். மேலே இருக்கும் காற்றோ தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் மேல், ஒரு கிலோ எடை. ஆவி தள்ளுவதும் காற்று அழுத்துவதும் சமமாகும்போது தண்ணீருக்குள்ளேயே குமிழி பிறந்து நசுங்காமல் நிற்க முடிகிறது. அந்தக் கணம்தான் கொதிநிலை.

மலையேறினால் மேலே இருக்கும் காற்று குறைகிறது. எதிர்ப்பு குறைந்ததால் ஆவி சீக்கிரமே வென்றுவிடுகிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் 100. பெங்களூரில் சுமார் 97. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93. லடாக்கின் லே நகரில் 88-க்குப் பக்கத்தில். எவரெஸ்ட் உச்சியில் 71. அரிசியை வேகவைப்பது குமிழி அல்ல, சூடு. ஏழு டிகிரி குறைந்த தண்ணீரில் என் சோறு நறுக்கரிசியாக நின்றதில் என்ன ஆச்சரியம்? கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறுவது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பல்ல. 1742-இல் தன் வெப்ப அளவுகோலை வகுத்த ஆண்டர்ஸ் செல்சியஸே அதைக் கவனத்தில் கொண்டுதான் அளவைக் குறித்தார்.

மூன்றாம் படி: அடுப்பில்லாமல் கொதிக்கவைப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தண்ணீரை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள்; கரைந்திருக்கும் காற்று போய்விடும். 60 டிகிரிக்கு ஆறட்டும். சிரிஞ்சில் 2 மில்லி இழுத்து, நுனியை மேலே பார்க்கப் பிடித்து, உள்ளே மாட்டிய காற்றை ஒரு துளி விடாமல் வெளியே தள்ளுங்கள். இப்போது நுனியை அழிரப்பரில் வைத்து நன்றாக அழுத்தி அடைத்துக்கொள்ளுங்கள். விரலால் அடைக்க வேண்டாம், சுடும். தண்டைப் பின்னால் இழுங்கள்.

தண்ணீர் கொதிக்கும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, உங்கள் கண்முன்னே குமிழிகள் பொங்கும். தண்டை விட்டால் அது தானாக உள்ளே ஓடும், குமிழிகள் இருந்த இடம் தெரியாமல் மறையும். மறுபடி இழுங்கள், மறுபடி கொதிக்கும். மறையும் குமிழிதான் ஆதாரம்: அது காற்றாக இருந்தால் அப்படிச் சட்டென்று காணாமல் போகாது, ஆவி என்பதால் திரும்பத் தண்ணீராகிவிட்டது.

60 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தண்டை இழுத்து உள்ளே அழுத்தத்தை அதற்குக் கீழே கொண்டுபோனீர்கள், கொதித்தது. சூட்டை ஏற்றாமல் அழுத்தத்தைக் குறைத்தே நிலையை மாற்றிவிட்டீர்கள்.

நான்காம் படி: குக்கர்

சிரிஞ்சில் செய்ததற்கு நேர் எதிரானது குக்கர். 1679-இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செய்து காட்டிய பாத்திரத்தின் வாரிசு இது. ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். வீட்டுக் குக்கரின் வெயிட், வெளியே இருப்பதற்கு மேல் இன்னொரு வளிமண்டல அளவு அழுத்தம் சேர்ந்ததும் தூக்கி விசில் அடிக்கும்படி இருக்கும். மொத்தம் இரண்டு மடங்கு. அங்கே தண்ணீர் 120 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். துவரம்பருப்பு அதனால்தான் அங்கே சீக்கிரம் குழைகிறது. ஊட்டியில் வெளியழுத்தமே குறைவு என்பதால் அதே குக்கரில் 116-ஐ ஒட்டித்தான் வரும். ஒரு விசில் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும்.

மூடியதும் வெயிட்டைப் போட்டுவிடாதீர்கள். முதலில் காற்றும் ஆவியும் கலந்து வரும். ஆவி சீராக, ஒரே நேர்கோட்டில் சீறி வரும்வரை பொறுத்துப் பிறகு போடுங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையதாகிவிடும். விசில் வரும், சூடு அவ்வளவு இருக்காது.

என் அத்தை ஒருநாள் அவசரத்தில், அடுப்பை அணைத்த கையோடு கரண்டியால் வெயிட்டை நெம்பித் தூக்கிவிட்டார். துளை வழியே பருப்பு உத்தரம் வரை பீய்ச்சியடித்தது. முழங்கையில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அப்போது உள்ளே என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 டிகிரித் தண்ணீரின் மேல் இருந்த அழுத்தம் திடீரென்று பாதியானால், அந்தத் தண்ணீர் இனி 100 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்க முடியாது. மிச்சமிருக்கும் 20 டிகிரிச் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்கிவிடும். ஒரு லிட்டருக்குச் சுமார் 37 கிராம். கேட்கச் சின்ன அளவுதான், ஆனால் அந்த ஆவி நிற்க 60 லிட்டர் இடம் வேண்டும். ஐந்து லிட்டர் குக்கரில் அது எங்கே போகும்? ஆகவே அழுத்தம் தானாக இறங்கட்டும். வெயிட்டைத் தொட்டால் சத்தமே வரக்கூடாது, அப்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். துளையில் பருப்புத்தோல் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஐந்தாம் படி: சிலிண்டரை அசைத்துக் கேளுங்கள்

கேஸ் தீரப்போகும் சிலிண்டரை மெல்ல அசைத்தால் உள்ளே சளசளவென்று கேட்கும். கேஸ் என்கிறோம், உள்ளே திரவம். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது அது. சாதாரண அழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் 0-வுக்குச் சற்றுக் கீழே. நம் ஊர்ச் சூட்டில் இரண்டும் வாயுதான். இரும்புக்குள் அடைத்து அழுத்தினால் திரவமாகின்றன. திரவம் வாயுவானால் ஏறக்குறைய 250 மடங்கு இடம் பிடிக்கும், 14.2 கிலோ கேஸ் ஒரு சின்ன உருளைக்குள் அடங்குவதன் ரகசியம் இதுதான்.

இதிலிருந்து சில பழக்கங்கள் கிடைக்கின்றன. சிலிண்டருக்குள் திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை உள்ளே உள்ள அழுத்தத்தைச் சூடுதான் தீர்மானிக்கும், மீதி அளவு அல்ல. அதனால் அடுப்பின் தீ ஏறக்குறைய கடைசி நாள் வரை ஒரே மாதிரி எரியும், திடீரென்று தீரும். மீதியை அறிய எடை போட வேண்டும்; வெற்று எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும். இன்னொரு வழி, ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருப்பது. திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காயும்.

சிலிண்டரைப் படுக்கவைத்து எரிக்காதீர்கள். படுத்தால் ரெகுலேட்டருக்கு வாயுவுக்குப் பதில் திரவம் போகும். தீரும் தறுவாயில் சிலிண்டரின் அடியில் சூடு காட்டுவதும் அப்படித்தான், கூடவே கூடாது. கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய அடுப்பு விடாமல் எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பாதியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும், வியர்த்திருக்கும், சிலநேரம் வெண்பனியும் படியும். உள்ளே திரவம் கொதிக்க வேண்டிய சூட்டைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான்.

சிஎன்ஜி ஆட்டோவின் சிலிண்டரை அசைத்தால் எதுவும் கேட்காது. அதில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்தும் அது வாயுவாகவே இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு; அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. மீத்தேனுக்கு அது மைனஸ் 83. புரோப்பேனுக்கு 97, பியூட்டேனுக்கு 152. அதனால்தான் அவை நம் வெயிலிலும் திரவமாக அடங்குகின்றன. மீத்தேனைத் திரவமாகக் கொண்டுவர வேண்டுமென்றால் குளிர்விப்பதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணூர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அதை ஏறக்குறைய மைனஸ் 162 டிகிரியில், அழுத்தம் அதிகமில்லாமல் சுமந்து வருகின்றன.

கற்பூரம் பற்றி ஒரு திருத்தம்

கற்பூரம் உருகாமல் நேரே ஆவியாகும் என்று படித்திருப்பீர்கள். திறந்து வைத்த கட்டி நாளடைவில் சிறுத்துக் காணாமல் போவது உண்மைதான்; இதைப் பதங்கமாதல் என்கிறோம். ஆனால் ஒரு கட்டியைத் தட்டில் ஏற்றி உற்றுப் பாருங்கள். சுடருக்குக் கீழே கட்டியின் மேற்பரப்பு ஈரமாகப் பளபளக்கும். அது உருகிய கற்பூரம். கற்பூரம் 175 டிகிரியை ஒட்டி உருகும், பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் 80-இல் உருகும். குளிர்ந்த நிலையிலேயே அவற்றின் ஆவி அழுத்தம் அதிகம் என்பதால்தான் அலமாரியில் கரைகின்றன.

உண்மையிலேயே நம் காற்றழுத்தத்தில் திரவமாகாத பொருள் வேண்டுமென்றால் உலர்பனியைச் சொல்லலாம், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78.5 டிகிரியில் நேரே வாயுவாகும். அதைத் திரவமாகப் பார்க்கக் குறைந்தது 5.1 மடங்கு அழுத்தம் வேண்டும். வெறும் கையால் தொடவோ மூடிய பாட்டிலில் அடைக்கவோ கூடாது, பாட்டில் வெடித்துவிடும்.

கடைசிப் படி: எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள்

நோட்டில் கிடைக்கோட்டில் வெப்பநிலை, நெடுக்கோட்டில் அழுத்தம் (கடல் மட்டக் காற்றழுத்தத்தின் மடங்குகளில்). அளவு கச்சிதமாக இருக்க வேண்டியதில்லை. இதுவரை பார்த்த தண்ணீரின் புள்ளிகளை வையுங்கள்: 60 டிகிரிக்கு 0.2, லேக்கு 88 டிகிரியும் 0.65-உம், 100-க்கு 1, குக்கருக்கு 120-உம் 2-உம். சேர்த்தால் மேலேறும் ஒரு வளைவு வரும். அதற்கு இடப்புறம் திரவம், வலப்புறம் ஆவி. வளைவைக் கீழே நீட்டினால் 0.01 டிகிரியில், அழுத்தம் 0.006 ஆகும் இடத்தில் ஒரு முனை. ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் ஒன்றாக நிற்கக்கூடிய அந்த ஓர் இடத்தை மும்மைப்புள்ளி என்பார்கள். மேலே 374 டிகிரியில், 218 மடங்கு அழுத்தத்தில் வளைவு முடிந்துவிடும். அதுதான் தண்ணீரின் மாறுநிலை.

மும்மைப்புள்ளியிலிருந்து ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஏறக்குறைய நிமிர்ந்த ஒரு கோடு போகும். மற்றப் பொருள்களில் பெரும்பாலும் இது வலப்பக்கம் சாயும், தண்ணீருக்கு இடப்பக்கம். ஐஸ் தண்ணீரைவிட 9 சதவீதம் கூடுதல் இடம் பிடிப்பதே காரணம். அழுத்தினால் அது இடம் குறைந்த தண்ணீராக மாறவே பார்க்கும். நிரம்பிய கண்ணாடிப் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் விரிசல் விடுவதும் அந்த 9 சதவீதத்தால்தான்.

கார்பன் டை ஆக்சைடுக்குத் தனித் தாள் போடுங்கள். அதன் வளைவு 31 டிகிரியில் முடிந்துவிடும். அலுவலகத் தாழ்வாரத்தில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானுக்குள் ஜனவரிக் காலையில் திரவமும் அதன் மேல் வாயுவும் இருக்கும். சென்னையின் மே மாத மதியத்தில் அதே உருளைக்குள் இரண்டுக்கும் நடுவே இருந்த எல்லை மறைந்துபோயிருக்கும், உள்ளே திரவம் என்றும் வாயு என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே பாய்மம்.

அடுத்த தடவை மலைக்குப் போகும்போது தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். புறப்படும் முன் வீட்டில் கொதிநீரில் ஒருமுறை அளந்து எழுதிவிட்டு, மேலே போய் அதே தெர்மாமீட்டரால் மறுபடி அளந்து இரண்டையும் தாளில் குறியுங்கள். கருவியில் ஒரு டிகிரி பிழை இருந்தாலும் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் சரியாகவே வரும்.